கணக்கேட்டில் இல்லாத வள்ளி

ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறையை அடைவோர் பச்சை விரிப்பாய்ப் பரந்த தேயிலையைக் கண்டு இறைவனின் கைத்திறனைப் போற்றுவர். போற்றுதல் தகும். ஆனால் அந்தப் பசுமை மனிதக் கைகளின் உழைப்பும் ஆகும் என்பதை உணர்த்தும் நாவல் ஒன்று உண்டு. ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராய்ப் பணியாற்றி, அங்கே தொழிற்சங்கம் கண்ட பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ'யே அது. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார்.

ஆங்கிலேயர் ஆட்சிக்காலம். நெல்லைச் சீமையின் வறட்சியில் வாடும் கருப்பனும் அவன் மனைவி வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகின்றனர். பின்னர் முன்பணமே விலங்காகிறது. மலைக்காய்ச்சலும் அடி உதையும் தொடர்கின்றன. வள்ளிக்கோ இன்னொரு சுமையும் உண்டு: பெண்ணாய்ப் பிறந்தமையால் அதிகாரத்தின் கண்களுக்குத் தப்ப வேண்டிய அச்சம். துரைமாரின் ஏட்டில் அவள் ஓர் எண். பறித்த கொழுந்தின் எடை. அந்த எண்ணுக்கு முகமும் கண்ணீரும் தந்ததே நாவலின் சாதனை.

குறையும் உண்டு. நோயாளியின் உடலை அறிந்த அளவுக்கு அவளது உள்ளத்தை மருத்துவர் அறியவில்லை என்றே தோன்றுகிறது. வள்ளி படும் துன்பத்தை விரிவாய்க் காண்கிறோம். அவள் தனக்குள் பேசுவதைக் குறைவாகவே கேட்கிறோம்.

இந்நாவலைத் தழுவிப் பாலா இயக்கிய 'பரதேசி' 2013இல் வெளிவந்தது. அதில் ஆடிப்பாடி மதம் மாற்றுபவராக மருத்துவர் சித்திரிக்கப்பட்டது நம்மவர் பலரைப் புண்படுத்தியது. அவ்வருத்தம் நியாயமே. ஆயினும் அதனினும் பெரிய இழப்பொன்றை நாம் கவனித்தோமா? நாவலில் கணவனோடு மலையேறி உழைக்கும் நாயகி, படத்தில் ஊரிலேயே தங்கிக் காத்திருப்பவள் ஆகிறாள். தோட்டத்தில் மரகதம் போன்ற பெண்கள் உண்டெனினும், கதையின் நடுவிலிருந்து வள்ளி விலக்கப்பட்டாள். நம் மரியாதைக்கு நேர்ந்த குறையை உடனே கண்ட நமக்கு அவளுக்கு நேர்ந்தது தென்படவில்லை!

1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. குடியிருப்பு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், பேறுகால உதவி ஆகியவை உரிமைகளாயின. வள்ளி போன்ற பெயரற்ற பெண்களின் துயரமே அச்சட்டத்தின் எழுதப்படாத முகவுரை.

அகுஸ்து சீசரின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குறிப்பிட்ட லூக்கா, அதன் நடுவே இடமின்றி அலைந்த நிறைமாதப் பெண்ணொருத்தியின் மீதே தம் பார்வையை நிறுத்தினார். அவரும் மருத்துவர் என்பதே நம் மரபு. பேரரசின் ஏட்டில் அன்னை மரியா ஓர் எண். மீட்பின் வரலாற்றிலோ அவரே வாசல். அந்த நற்செய்தியை வாசிப்போர் வள்ளியைக் காணாமல் கடந்துபோகலாகாது. அடுத்தமுறை தேநீர்க் கோப்பையை ஏந்துகையில், கொழுந்து கிள்ளிய விரல்களை ஒரு கணம் நினைப்போம்.