யார் தேர்ந்தெடுக்கும் வீடு? நெதர்லாந்தில் பரிமாற்ற மாணவர்களின் குடியிருப்பு

நெதர்லாந்தின் பல்கலைக்கழக நகரங்களில், மாணவர்கள் சேர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறை காலியானால் அடுத்து யார் வருவது என்பதைப் பெரும்பாலும் அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களே முடிவு செய்கிறார்கள். விண்ணப்பித்தவர்களில் சிலரை ஒரு மாலை வீட்டுக்கு அழைப்பார்கள். பொது அறையின் சோபாவிலும் தரையிலும் நெருக்கியடித்து உட்கார்ந்து பேச்சு நடக்கும். என்ன படிக்கிறாய், சமைக்கத் தெரியுமா, வார இறுதியில் ஊருக்குப் போய்விடுவாயா, எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாயா என்று கேட்பார்கள். எல்லோரும் கிளம்பிய பிறகு வீட்டார் கூடிப் பேசி ஒருவருக்கு மட்டும் தகவல் சொல்வார்கள். 'ஹோஸ்பிடீரன்' என்று அழைக்கப்படும் இந்தப் பழக்கத்தை, மாணவர் வீட்டுவசதிக் கழகங்களும் தங்கள் கட்டடங்கள் பலவற்றில் அனுமதிக்கின்றன.

ஒரு செமஸ்டர் மட்டும் படிக்க வரும் பரிமாற்ற மாணவர் இந்தப் பழக்கத்தின் முன்னால்தான் முதலில் திகைத்து நிற்கிறார். அதனாலேயே இதைத் தீங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இது எதைக் காப்பாற்றுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அந்த வீடுகளின் சமையலறையில் இதற்கான பதில் இருக்கிறது. இன்றிரவு யார் சாப்பிடுகிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்று பெயர் குறிக்கும் பட்டியல் முன்பு சுவரில் தொங்கியது. இப்போது செல்பேசிச் செயலியில் இருக்கிறது. மாலைக்குள் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒருவர் சமைப்பார். செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். குளிர்பதனப் பெட்டியிலிருந்து பீர் எடுத்தால் காகிதத்தில் ஒரு கோடு போட வேண்டும். மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். இந்த ஏற்பாடு முழுவதும் நம்பிக்கையில் நடக்கிறது. குளியலறையையும் அடுப்பையும் மூன்று நான்கு ஆண்டுகள் பகிர்ந்துகொள்ளப் போகிறவரை நேரில் பார்த்துத் தேர்வதில் நியாயம் உண்டு. விடுதி வார்டன் இல்லாமல் இருபது வயதுக்காரர்கள் தாங்களாகவே ஒரு வீட்டை நடத்துகிறார்கள் என்றால், அதற்கு இந்த உரிமையும் ஒரு காரணம். இதை நான் மதிக்கிறேன்.

அறைகள் ஏராளமாக இருந்த காலத்தில் இது யாரையும் பெரிதாகப் பாதித்திருக்காது. இன்று அறைப் பஞ்சம். ஒரு வீட்டைப் பல அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விடுவதற்கு அனுமதி பெற வேண்டும் என்று பல நகராட்சிகள் சொல்கின்றன. 2024 ஜூலையில் வாடகைச் சட்டங்கள் இறுகிய பிறகு, வீட்டை வாடகைக்கு விடுவதைவிட விற்றுவிடுவதே மேல் என்று முடிவு செய்த உரிமையாளர்கள் உண்டு. மறுபக்கம், முழுப் பட்டப்படிப்புக்கு வந்த வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கை மட்டுமே 1,20,000-ஐத் தாண்டிவிட்டது. 2018-இல் க்ரோனிங்கன் நகரில், புதிதாக வந்த வெளிநாட்டு மாணவர்களுக்குக் கூடாரம் அடித்துப் படுக்கை போட வேண்டியிருந்தது. 2022-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம் உட்படப் பல கல்வி நிறுவனங்கள், தங்க இடம் உறுதியாகாவிட்டால் வரவே வேண்டாம் என்று வெளிநாட்டு மாணவர்களை எச்சரித்தன.

இந்தப் பஞ்சத்தில் அந்த மாலைச் சந்திப்பு வடிகட்டியாக மாறிவிடுகிறது. 'டச்சுக்காரர்கள் மட்டும்', 'வெளிநாட்டவர் வேண்டாம்' என்ற வரிகளை அறை விளம்பரங்களில் வெளிப்படையாகவே பார்க்கலாம். இரவு உணவின்போது தாய்மொழியில் பேச விரும்புகிறோம் என்பது அவர்கள் சொல்லும் காரணம். பகல் முழுதும் ஆங்கிலத்தில் பாடம் கேட்டவர் வீட்டிலாவது தன் மொழியில் இருக்க நினைப்பது எனக்குப் புரிகிறது. செப்டம்பரில் தேர்ந்தெடுத்த ஆளுக்குப் பதிலாக ஜனவரியில் இன்னொருவரைத் தேட வேண்டுமே என்ற தயக்கமும் புரிகிறது. ஆனால் ஊரிலுள்ள பெரும்பாலான அறைகளின் கதவு இப்படி ஒவ்வொன்றாகச் சாத்தப்படும்போது, தனித்தனியாகப் பார்த்தால் சிறியதாகத் தெரியும் விருப்பங்கள் சேர்ந்து ஒரு பாகுபாடாகிவிடுகின்றன. 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள நல்ல வாடகை நடைமுறைச் சட்டம், வாடகைக்கு விடுவோர் பாகுபாடு காட்டாமல் தெளிவான அளவுகோல்களின்படி ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் ஒரு வரவேற்பறையில் பத்துப் பேர் கூடி எடுத்த முடிவுக்கு அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. இன்னும் விமானமே ஏறாதவர் அந்த மாலைக்கு எப்படிப் போவார்? காணொளி அழைப்பில் வருகிறேன் என்று கேட்டுப் பார்க்கலாம். சோபாவில் உட்கார்ந்திருப்பவரோடு போட்டியிட்டு வெல்வது கடினம்.

இதற்குப் பல்கலைக்கழகங்கள் கண்ட மாற்று, இட ஒதுக்கீடு. டூவோ, எஸ்எஸ்எச் போன்ற மாணவர் வீட்டுவசதிக் கழகங்களிடமிருந்து அறைகளை மொத்தமாகப் பெற்று, வரவிருக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்காக ஒதுக்கி வைக்கின்றன. கட்டில், மேசை, அலமாரி, திரைச்சீலை எல்லாம் இருக்கும். நெதர்லாந்து வாடகை வழக்கம் தெரியாதவருக்கு இதன் அருமை விளங்காது. அங்கே அறைகலன் இல்லாத அறை என்றால் பல நேரம் திரைச்சீலையும் இருக்காது, தரைவிரிப்பும் இருக்காது. முன்பு குடியிருந்தவர் பதித்த தரையை விலை பேசி அவரிடமே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கும். ஐந்து மாதம் தங்கப் போகிறவர் தரை வாங்கிப் போட முடியுமா? ஒதுக்கீட்டு அறைக்குச் சொந்த ஊரில் இருந்தபடியே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, இறங்கிய நாளிலேயே சாவி வாங்கலாம். நான்கு மாதத்துக்கு மேல் தங்குபவர் வந்து ஐந்து நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கும் இங்கே தடை இருக்காது.

குறைகளும் உண்டு. அறையை நாமே தேர்ந்தெடுக்க முடியாது. ஒப்பந்தத் தேதிகள் மாறாதவை. தேர்வு முடிந்து முன்கூட்டியே கிளம்பினாலும் மீதி நாள்களுக்கும் வாடகை உண்டு. பழைய மாணவர் வீட்டின் சாதாரண அறையைவிட வாடகையும் கூடுதலாகவே இருக்கும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குறை வேறு: வெளிநாட்டவரை வெளிநாட்டவரோடு மட்டும் குடிவைப்பது.

அப்படிப்பட்ட தளங்களின் சமையலறைக்கு நினைவாற்றல் கிடையாது. செமஸ்டர் முடிந்ததும் பெரும்பாலானோர் ஒரே வாரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். எந்தக் குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது, எந்தச் சந்தையில் மாலையில் காய்கறி மலிவு, பழைய சைக்கிளை எங்கே வாங்கினால் அது திருட்டு வண்டியாக இருக்காது என்று மூத்தவர் இளையவருக்குச் சொல்லித்தருவதற்கு அங்கே மூத்தவரே இல்லை. பிப்ரவரியில் வருபவர் வாணலி முதல் எல்லாவற்றையும் புதிதாக வாங்குகிறார். ஸ்பெயின், கொரியா, இத்தாலி, இந்தியா என்று நல்ல நட்புகள் அமையும், அதில் ஐயமில்லை. ஆனால் எந்த நாட்டை அறிந்துகொள்ள வந்தாரோ அந்த நாட்டுக்காரர் ஒருவரின் வீட்டுக்குள்கூட நுழையாமல் ஒருவர் திரும்பிப் போக முடிகிறது. பரிமாற்றத் திட்டத்தின் நோக்கத்தில் பாதி அங்கேயே தோற்கிறது.

தனியார் சந்தை மூன்றாவது வழி. அறிமுகம் இல்லாத ஊரில் அவசரத்தில் தேடுபவரைக் குறிவைத்தே மோசடிகள் நடக்கின்றன: அழகான படங்கள், குறைந்த வாடகை, வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் உரிமையாளர், சாவியை அஞ்சலில் அனுப்புகிறேன், முதலில் பணம் அனுப்பு என்ற அவசரம். நிஜமாகவே அறை இருக்கும் இடங்களிலும் 'முகவரிப் பதிவு கூடாது' என்ற நிபந்தனை வருகிறது. பதிவின்போது தரப்படும் குடிமக்கள் சேவை எண்ணும் அதை ஒட்டிய வங்கிக் கணக்கும் வேண்டியவருக்கு அந்த அறையால் பயனில்லை. அறையில் குடியேறிய பிறகு சட்டத்தின் துணையை நாடலாம். டெபாசிட் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. வாடகை அதிகம் என்று தோன்றினால், சதுர மீட்டருக்கும் வசதிகளுக்கும் புள்ளி போட்டு வாடகையை மதிப்பிடும் வாடகை ஆணையத்திடம் முறையிடலாம். ஆனால் ஐந்து மாதத்தில் ஊருக்குத் திரும்பப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அதற்கு நேரமும் துணிவும் இருக்கும்?

கலந்து வாழ வைப்பது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு அதே நாட்டிலேயே பதில் இருக்கிறது. டெவென்டர் நகரின் ஹியூமானிடாஸ் முதியோர் இல்லம், மாதம் ஏறத்தாழ 30 மணி நேரம் முதியவர்களுக்கு நல்ல அண்டைவீட்டாராக நடந்துகொள்ளும் மாணவர்களுக்கு வாடகையில்லாமல் அறை தருகிறது. ஆம்ஸ்டர்டாமின் ஸ்டார்ட்பிளாக் ரீகர்ஹாவன் 2016-இல் திறக்கப்பட்டது. அங்கே குடியேறிய 565 இளைஞர்களில் பாதிப் பேர் அகதிகளாக வந்து தங்கும் உரிமை பெற்றவர்கள், மறுபாதி டச்சு இளைஞர்கள். வயதாலும் மொழியாலும் இவ்வளவு தள்ளியிருப்பவர்களை அடுத்தடுத்த கதவுகளில் வைக்க முடிந்த நாட்டில், இரண்டு மாணவர்களை ஒரே சமையலறையில் வைக்க முடியாது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

வீட்டுவசதிக் கழகங்கள் தங்கள் பெரிய தளங்களில் ஒன்றிரண்டு அறைகளை மட்டும் குடியிருப்போர் தேர்விலிருந்து விலக்கி, பல்கலைக்கழகத்தின் வழியே பரிமாற்ற மாணவருக்குத் தரலாம். மற்ற அறைகளுக்கு அந்த மாலைத் தேர்வு வழக்கம்போல் நடக்கட்டும். திணிக்கப்பட்டவரோடு யாரும் ஒட்டமாட்டார்கள் என்பார்கள். சில வீடுகளில் அப்படித்தான் ஆகும். அதற்காக எல்லா வீடுகளுக்கும் முயற்சியே வேண்டாம் என்று விட்டுவிடுவது, வந்தவருக்கும் இருப்பவருக்கும் சேர்த்து ஏற்படும் இழப்பு.

அது நடக்கும்வரை, அங்கே போகும் மாணவருக்கு நான் சொல்வது இதுதான்: பல்கலைக்கழகம் அறை தருகிறது என்றால், விண்ணப்பம் திறக்கும் நாளிலேயே பதிவு செய்து, கிடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை சற்று அதிகம் என்று வெளியே தேடப் போகாதீர்கள். முகவரிப் பதிவுக்கு இடம்தராத அறைக்கும், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத அறைக்கும் ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம்.