கணவாயில் சோதனை, கிடங்கில் மாமூல்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் 1956 நவம்பர் 1 வரை மாநில எல்லையே இருந்தது. காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் வரும் லாரிகள் இன்றும் இந்தக் கணவாய் வழியாகத்தான் வருகின்றன. காவல்துறைச் சோதனைச் சாவடியும் உண்டு. தடைசெய்த சரக்கை மடக்க இதைவிடத் தோதான இடம் கிடைப்பது அரிது. ஆனாலும் குட்கா பெட்டிக்கடைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

2013 மே மாதம் தமிழ்நாடு குட்காவைத் தடைசெய்தது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிறந்த இந்தத் தடைக்கு ஒரு பெரிய பலம் உண்டு. தரமற்ற மிளகாய்த்தூள் என்றால் மாதிரியை நாலு பங்காக்க வேண்டும், பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும், அதன்மேல் மேல்முறையீடும் வரும். ஒவ்வொரு படியிலும் கைமடக்குக்கு இடம் இருக்கிறது. குட்காவைக் கைப்பற்றவோ பொட்டலத்தைக் கண்டாலே போதும். தடை, லஞ்சத்துக்கான படிகளைக் குறைத்தது. மிஞ்சிய ஒரே படியின் விலையை ஏற்றிவிட்டது. பார்ப்பதா, பாராமல் விடுவதா என்பதே அந்தப் படி.

அந்த விலை எவ்வளவு என்பதற்குச் சென்னையில் ஒரு கணக்கு கிடைத்தது. 2016 ஜூலையில் ஒரு குட்கா தயாரிப்பாளரிடம் வருமான வரித்துறை சோதனையிட்டபோது, அமைச்சர் முதல் காவல்துறை அதிகாரிகள் வரை பணம் போனதாகக் குறிப்புகள் சிக்கின. சுமார் 40 கோடி ரூபாய் என்பது குற்றச்சாட்டு. மாநில அரசுக்குத் தகவல் போயும் விசாரணை நகரவில்லை. 2018 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் ஒப்படைத்த பிறகுதான் வேகம் பிடித்தது. கவனியுங்கள்: கணக்கைக் கண்டெடுத்தது வரித்துறை. தடையை அமல்படுத்த வேண்டியவர்கள் அல்ல.

தடையின் அடித்தளமும் உறுதியாக இல்லை. ஓராண்டுக்கு மட்டும் விதிக்கக்கூடிய தற்காலிகத் தடையை ஆண்டுதோறும் நீட்டிக்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. ஆட்டம் காணும் சட்டம், பேரம் பேசுபவருக்குத்தான் வசதி.

எனக்கு இதைவிட உறுத்துவது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு. காரணமின்றிச் சரக்கைக் கைப்பற்றித் தொல்லை தரும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம். அவர்மேல் பொய்ப்புகார் கொடுப்பவருக்குக் குறைந்தது 50,000. குட்கா கிடங்கின் கதவைத் திறக்காமலே திரும்பிப் போன அலுவலரைப் பற்றி அந்தப் பிரிவு எதுவும் சொல்வதில்லை. அவரைப் பிடிக்க ஊழல் தடுப்புச் சட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே அவர் லஞ்சம் வாங்கியதையோ வாங்க முயன்றதையோ மெய்ப்பிக்க வேண்டும்.