தீர்ப்பிலிருந்து நழுவிய சாதி

பணியிடத்தில் பெண்கள் மீது நடக்கும் பாலியல் துன்புறுத்தல் பற்றி யார் பேசினாலும் உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்ட் 13இல் வழங்கிய விசாகா தீர்ப்பிலிருந்துதான் தொடங்குகிறார்கள். தப்பில்லை. அதற்கு முன் இந்தக் குற்றத்துக்கு நம் சட்டத்தில் தனிப் பெயரே கிடையாது. பெயரில்லாத ஒன்றைப் புகாராக எழுதுவது எப்படி? 'அவரு அப்படித்தாம்மா, கண்டுக்காதே' என்று பக்கத்து இருக்கைக்காரி சொல்வதோடு விஷயம் முடிந்துவிடும். தனிப்பட்ட சங்கடமாகக் கருதப்பட்டதைச் சமத்துவ உரிமையின் மீறல் என்று தீர்ப்பு அறிவித்தது. இதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் தீர்ப்பும் ஒரு பிரதிதான். அதன் மௌனங்களையும் சேர்த்தே வாசிக்க வேண்டியிருக்கிறது.

வழக்கின் மூலம் ராஜஸ்தானில், பதேரி கிராமத்தில் இருக்கிறது. பன்வாரி தேவி அங்கே அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் ஊர் அளவிலான பணியாளர். 'சாத்தின்' என்பார்கள். குயவர் சாதி. குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று. 1992இல் ஊரில் செல்வாக்குள்ள குஜ்ஜர் குடும்பமொன்றில் ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்கப் போனார். அந்தச் செப்டம்பரில் கூட்டு வன்புணர்ச்சிக்கு ஆளானார். கணவரை அடித்துப் பிடித்து வைத்திருந்தார்கள். 1995இல் ஜெய்ப்பூர் விசாரணை நீதிமன்றம் வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டிலிருந்து எல்லாரையும் விடுவித்தது. உயர்சாதிக்காரர் தாழ்ந்த சாதிப் பெண்ணிடம் இப்படி நடந்துகொள்வாரா என்கிற ரீதியில் காரணமும் சொன்னது. அதாவது, சாதியே கூண்டில் ஏறிக் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போனது.

1992இன் அந்தக் கொடுமை கிளப்பிய கொதிப்பிலிருந்துதான் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. தீர்ப்பு என்ன செய்தது? ராஜஸ்தான் கிராமமொன்றில் சமூகப் பணியாளர் ஒருவருக்கு நடந்ததாகச் சொல்லப்படும் கொடுமை என்று தொட்டுவிட்டு, அது தனிக் குற்றவழக்கு, இங்கே மேற்கொண்டு பேசத் தேவையில்லை என்று நகர்ந்துவிட்டது. பன்வாரியின் பெயர் இல்லை. சாதி இல்லை. எஞ்சியது சாதியற்ற 'உழைக்கும் பெண்'.

பன்வாரிக்குப் பணியிடம் என்பது ஊர். தாக்கியவர்கள் அவருடைய மேலதிகாரிகளும் இல்லை. வேலையை ஒழுங்காகச் செய்ததற்காக ஊரின் அதிகாரம் தந்த தண்டனை அது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலை நடக்கும் இடம்வரை பணியிடத்தை விரித்தது, சரி. பத்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் உள்குழு வேண்டும் என்றது. ஆனால் துன்புறுத்தல் எது என்று வரையறுக்கும்போது தொடுதல், கேட்டல், பேச்சு, படம் காட்டுதல் என்று அடுக்கிப் போகிறது. 'இவளைத் தொட்டால் யார் கேட்கப் போகிறார்கள்' என்கிற அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அங்கே இடமில்லை. புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடு என்கிறது. வேண்டுமென்றே பொய்ப்புகார் கொடுத்தால் நடவடிக்கை என்றும் எச்சரிக்கிறது. தினக்கூலிக்காரிக்கு இந்த இரண்டாவது வரிதான் முதலில் காதில் விழும்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடை ஆலையொன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் ஒரு தொழிற்சங்கம் போராடி, 2022இல் ஆலை நிர்வாகத்தோடும் வாங்கும் பன்னாட்டு நிறுவனத்தோடும் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. அதில் பாலின வன்முறையோடு சாதியும் பெயர் சொல்லிப் பேசப்படுகிறது. தையல் வரிசையில் நிற்கும் பெண்களே கண்காணிப்பாளர்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. நிர்வாகம் மீறினால் அதன் ஆர்டருக்கே ஆபத்து.

இதை முழு விடுதலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1997இன் பிரதி விட்டுவிட்டுப் போனதைத் தையல் மிஷின் ஓட்டும் பெண்கள் திரும்ப எழுதியிருக்கிறார்கள். குழு அமைத்தாயிற்று என்று அலுவலகச் சுவரில் பலகை மாட்டுகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார், எந்தச் சாதி, யாருடைய சம்பளத்தில்?