பாட்டி விட்டுப்போன முத்திரை

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு. இரண்டு மூன்று வாரம் வாழும். வளர்ந்த இருபால் புழுவில், இனச்செல்களை ஒதுக்கிவிட்டு எண்ணினால் 959 செல்கள். தோலோ நரம்போ குடலோ, அத்தனை செல்லிலும் இருப்பது சுமார் 10 கோடி எழுத்துள்ள ஒரே டி.என்.ஏ. நரம்பை நரம்பாகவும் குடலைக் குடலாகவும் நிறுத்திவைப்பது அந்த எழுத்துகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் விதம்தான். எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த ஓர் உருண்டை. அதன்மேல் ஏறக்குறைய 147 எழுத்து நீளத்துக்கு டி.என்.ஏ. சுற்றியிருக்கும். இந்தக் கண்டுகளின் கோவைக்குக் குரோமாட்டின் என்று பெயர். இறுகிய இடத்தில் மரபணு வாய் திறக்காது. இந்த இறுக்கத்தை மாற்ற, ஹிஸ்டோன் வால்களில் மீத்தைல் போன்ற வேதி முத்திரைகளைக் குத்தவும் அழிக்கவும் தனித்தனி நொதிகள் உண்டு.

அந்தக் கட்டு எவ்வளவு வலுவானது என்பதை 2011இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலிவர் ஹோபர்ட்டின் ஆய்வுக்குழு காட்டியது. லின்-53 என்ற குரோமாட்டின் புரதத்தைக் குறைத்துவிட்டு, நரம்பை உருவாக்கும் ஒரு புரதத்தைச் சுரக்க வைத்தார்கள். முட்டையாகவோ விந்தணுவாகவோ ஆகவேண்டிய இனச்செல்கள் நரம்புச் செல்களாயின. 2019இல் பாரிஸ் துர்சுனின் பெர்லின் குழு அதே லின்-53 இல்லாத புழுக்களைப் பார்த்தது. தசை சிதைந்து, ஆயுளும் குறைந்திருந்தது. வளர்ச்சிக்கு ஒரு புரதம், முதுமைக்கு வேறொன்று என்று பிரித்துப் பேசும் வழக்கம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

ஆனால் ஆயுளைப் பற்றிய இத்தகைய முடிவுகளில் அவசரமும் உண்டு. சர்-2.1 மரபணுவைக் கூட்டினால் புழு நீண்ட நாள் வாழும் என்று 2001இல் வந்த செய்தி ஊரெல்லாம் பரவியது. மரபுப் பின்னணியைச் சரிசெய்து 2011இல் மறுபடி சோதித்தபோது அந்தப் பலன் கரைந்துபோனது.

என் கணிப்பில் இத்துறையின் உண்மையான புதையல் எச்3 ஹிஸ்டோனின் வாலில், நான்காம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் இருக்கிறது. அங்கே குத்தப்படும் மீத்தைல், பேசும் மரபணுக்களின் அருகே காணப்படும் முத்திரை. 2009இல் டேவிட் கட்ஸும் சகாக்களும் அதை அழிக்கும் எஸ்பிஆர்-5 நொதி இல்லாத புழுக்களை வளர்த்தார்கள். முதல் தலைமுறைக்குப் பெரிய குறை ஒன்றுமில்லை. தலைமுறை ஏற ஏற முத்திரை சேர்ந்துகொண்டே போனது. கூடவே மலடும் வளர்ந்தது. அடைக்காத கடனுக்கு வட்டி ஏறுவதைப் போல. 2010இல் ஸ்டான்ஃபோர்டில் ஆன் புரூனே குழு எதிர்த்திசையில் போனது. முத்திரை குத்தும் கூட்டணியில் ஆஷ்-2, டபிள்யூடிஆர்-5, செட்-2 ஆகியவற்றில் ஒன்றைக் குறைத்தால் ஆயுள் நீண்டது. ஆனால் புழுவின் இனச்செல்கள் நலமாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. மறு ஆண்டு அதே குழு இன்னொன்றைக் கண்டது: அந்தப் புழுக்களின் வழிவந்த, மரபணுவில் பழுதே இல்லாத சந்ததிகளும் மூன்று தலைமுறை வரை கூடுதலாக வாழ்ந்தன. சொத்து எழுதிவைத்த பத்திரம் போய்விட்டது, அனுபவ பாத்தியதை மட்டும் பேத்திவரை வந்துவிட்டது!

2019இல் கட்ஸ் குழு இதையும் கிளறிப் பார்த்தது. டபிள்யூடிஆர்-5 இழந்த புழுக்களுக்கு நீண்ட ஆயுள் உடனே கிடைக்கவில்லை. 20 தலைமுறைகளில் மெல்லச் சேர்ந்தது. அதோடு சேர்ந்து கூடியது மரபணுக்களை இறுக்கிவைக்கும் ஒன்பதாம் இடத்து லைசினின் முத்திரை. அதைக் குத்தும் மெட்-2 நொதி இல்லாவிட்டால் இந்தச் சேமிப்பு நடக்காது. ஆக, எத்தனையாவது தலைமுறைப் புழுவை எடுத்தோம் என்று குறிக்காத ஆயுள் கணக்கை இனி நம்பத் தயக்கமாக இருக்கிறது.

தலைமுறை ஒருபுறம் இருக்க, ஒரே புழுவின் வாழ்விலும் நேரம் முக்கியம். வெப்பத்தைத் தாங்கும் திறன் முதுமையில் மெதுவாகத் தேய்கிறது என்றுதான் நினைத்திருந்தோம். லபாடியாவும் ரிச்சர்ட் மோரிமோட்டோவும் 2015இல் சொன்னது வேறு: இனப்பெருக்கம் தொடங்கும் கட்டத்தில் நாலே மணி நேரத்தில் அது சரிகிறது. ஜேஎம்ஜேடி-3.1 என்ற அழிப்பு நொதி குறைவதால், வெப்பத்திலிருந்து காக்கும் மரபணுக்களின்மேல் அடக்கும் முத்திரை ஏறிவிடுகிறது. இனச்செல்லின் மூலச்செல்களை நீக்கிவிட்டால் இந்தச் சரிவு இல்லை.

மிச்சிகனில் உர்சுலா யாக்கோப் குழு 2019இல் எடுத்துக்கொண்டது இதைவிட இளம் புழுக்களை. ஒரே மரபணு, ஒரே தீனி, ஒரே வயது. இளம்பருவத்தில் சிலவற்றின் உடலில் மட்டும் ஆக்சிஜனேற்றப் பொருள்கள் தற்செயலாகச் சற்று மிகுந்திருந்தன. அவற்றைத் தனியே பிரித்து வளர்த்தார்கள். அந்தப் புழுக்களில் நான்காம் இடத்து லைசினின் முத்திரை குறைந்திருந்தது. கூடப்பிறந்தவை செத்த பின்னும் அவை தட்டில் நெளிந்துகொண்டிருந்தன.