கோடும் உளியும்

நீள்துப்பாக்கிக் கட்டையில் கீறற் செதுக்குக்கு எந்த உளிகள் தகும் என்று இம்மலருக்கு எழுதும்படி சங்க மூத்தோர் பணித்தார்கள். பென்சில்வேனியாவின் நீள்துப்பாக்கிப் பரம்பரைகளை இம்மலரின் வாசகர்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஜேக்கப் டிக்கர்ட்டின் லங்காஸ்டர் வழிக்குப் புடைப்புச் செதுக்கே பெருமை. ஹெர்மன் ரூப், பீட்டர் நைஹார்ட் போன்றோர் வளர்த்த எங்கள் லீஹை வழியோ பெரிதும் கீறற் கோட்டை நம்பியது. புடைப்பில் ஒரு பிசகு நேர்ந்தால் பின்னணியை இன்னும் சற்று இறக்கிச் சரிசெய்துவிடலாம். கீறலில் அந்த வாய்ப்பே கிடையாது. ஆகவே வரைபடத்துக்கு முன்பே உளியைத் தேர்ந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசான் வழிக் கொள்கை.

இன்று பலரும் முதலில் வாங்குவது 60 பாகை வி-உளி. முன்கட்டையின் ஓரமாக ஓடும் நீளக் கோட்டுக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. வளைவில்தான் சிக்கல். கட்டைக்கு எடுக்கும் சுருள் மேப்பிளின் நார் அலையலையாக ஏறி இறங்கும். அதைக் குறுக்குச் சாய்வாக வெட்டும்போது வி-உளியின் ஒரு பக்கம் நாரோடு போகும், மறுபக்கம் நாரை எதிர்த்துப் போகும். கோட்டின் ஒரு விளிம்பு கண்ணாடிபோல் வர, மற்றதில் சிராய் எழும். இரும்பைக் கரைத்த நைட்ரிக் அமிலச் சாயத்தைப் பூசிச் சூடு காட்டினால், பிய்ந்த நார் சாயத்தை மிகுதியாகக் குடித்துக் கறுத்து அந்தக் குறையை ஊருக்கே காட்டிவிடும். நன்றாகத் தீட்டினால் போதாதா என்பார்கள். தீட்டினால் சிராய் குறையும்; நாரின் திசை மாறாது. வளைவுக்கு ஒத்த நகவுளியால் குத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து சாய்வாகச் சீவினால் இரு விளிம்பையும் அததற்கு உகந்த திசையில் வெட்டலாம். கோடு மெலிந்து தொடங்கி, நடுவில் அகன்று, மறுபடி மெலிந்து முடிவதும் அப்போதுதான் கைக்கு வசப்படும். ரூப், நைஹார்ட் காலத்தவரிடம் இத்தனை உளிகள் ஏது என்பது இன்னொரு மறுப்பு. அது என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. நான்கு நகவுளி மட்டுமே உள்ளவன் நான்கு வளைவுகளால்தான் வடிவம் கட்டுவான். அவையே திரும்பத் திரும்ப வருவதால் கட்டை முழுவதும் ஒரே கையெழுத்தாக இருக்கும்.

யாரையும் பெயர் சொல்லிக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. இன்றைய கைவினைஞர் பலர் என்னிலும் வல்லவர்கள். ஆனால் ஜோ கிண்டிக் 1960இல் வெளியிட்ட நீள்துப்பாக்கி நூலின் படத்தைப் பார்த்து வடிவை நகலெடுத்து, சுழலும் மின்கருவியால் ஒரே அகலத்தில் கீறி, உப்புத்தாளால் விளிம்பை மழுங்கத் தேய்த்துவிட்டு, அதற்கு லீஹை என்று பெயரிடுவதை எப்படிப் பொறுப்பது? கோட்டின் ஆழம் படத்தில் தெரியாது. விளிம்பு போனால் கோடு போயிற்று, கோடு போனால் லீஹை வழியே போயிற்று. இதைச் சிறு குறை என்று விட்டுவிட்டதால்தான் கட்டையின் வளைவு, பூட்டின் பொருத்தம், பித்தளை வேலை என எல்லாவற்றிலும் சோம்பல் புகுந்திருக்கிறது. இனிச் சங்கக் கண்காட்சியில் நடுவர்கள் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன், கோடு முடியும் முனையை உருப்பெருக்கியால் பார்த்து மதிப்பெண் இட வேண்டுமென மூத்தோரைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.