பட்டினி போடப்படுவது யார்?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு மாத்திரை டப்பாக்கள் அருகருகே இருந்தன. ஒன்று அம்மாவுடையது. அம்மாவுக்கு 19 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இன்னொன்று என்னுடையது. மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து தினமும் ஒரு லெட்ரசோல் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு டப்பாவிலும் பொதுவாக ஒரு மாத்திரை இருந்தது: மெட்ஃபார்மின்.

"உனக்குத்தான் சுகர் இல்லையேடி, இதை எதுக்குப் போடுறே?" என்று ஒருநாள் அம்மா கேட்டாள்.

"கேன்சரைப் பட்டினி போடும்மா."

அம்மா என் தட்டைப் பார்த்தாள். இரண்டு கரண்டி சுண்டல், கொஞ்சம் வெள்ளரிக்காய். "கேன்சரையா, உன்னையா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அதற்கு ஒரு பதில் தேடும் முயற்சி. இதற்காக நான் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து வாசிக்கிறேன். ஒன்று, பிரிட்டனைச் சேர்ந்த ஜேன் மெக்லெலண்ட் 2018இல் வெளியிட்ட 'ஹவ் டு ஸ்டார்வ் கேன்சர்'. மற்றது, 2022இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் வந்த ஒரு மருத்துவப் பரிசோதனை அறிக்கை. முதலாவதை நான் இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். இரண்டாவதைப் படித்து முடிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. படிக்க முடியாததால் அல்ல, படிக்கப் பயந்ததால்.

முதலில், மாத்திரை என் டப்பாவுக்கு வந்த கதை. கீமோவின் ஒவ்வாமையையும் வாந்தியையும் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அது இரத்தச் சர்க்கரையை ஏற்றிவிடும். எனக்கும் ஏறியது. இறக்குவதற்கு மெட்ஃபார்மின் எழுதினார்கள். கீமோ முடிந்தது, ஸ்டீராய்டு நின்றது, சர்க்கரை இயல்புக்கு வந்தது. மாத்திரையின் வேலை அதோடு முடிந்தது. ஆனால் அதற்குள் நான் மெக்லெலண்டைப் படித்துவிட்டேன். தொடரலாமா என்று கேட்டபோது மருத்துவர் அடுத்த நோயாளியின் கோப்பைப் புரட்டியபடியே, "வேணும்னா போட்டுக்கோங்க, கெடுதல் ஒண்ணும் இல்லை" என்றார். ஆக, ஒரே மாத்திரைக்கு எங்கள் வீட்டில் மூன்று காரணங்கள் இருந்தன: அம்மாவின் நோய், என் கீமோவின் பக்கவிளைவு, என் நம்பிக்கை. முதல் இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. மூன்றாவது வெறும் ஆசை.

ஆசை என்று இப்போது எழுதுவது எளிது. அந்த ஆசைக்கும் அறிவியலின் சாயல் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய மேய்ச்சல் நிலங்களில் வளரும் கலேகா என்ற செடியிலிருந்து கிடைத்த ஒரு பொருளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளின் வழியே வந்தது மெட்ஃபார்மின். 1957இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன் அதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கா அதை அனுமதிக்க 1994 ஆனது. ஈரல் சர்க்கரையை உண்டாக்குவதை அது குறைக்கிறது. அதன் வழியே உடலில் இன்சுலின் அளவும் குறைகிறது. இன்சுலின் செல்களை வளரத் தூண்டும் ஒரு ஹார்மோனும்கூட. சர்க்கரை நோய் இல்லாத மார்பகப் புற்றுநோயாளிகளிலும் இன்சுலின் அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் பரவுவதும் மரணமும் அதிகம் என்று டொராண்டோவைச் சேர்ந்த மருத்துவர் பமேலா குட்வின் குழு 2002இல் காட்டியது. 2005இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஓர் ஆய்வு, மெட்ஃபார்மின் எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்குப் புற்றுநோய் குறைவாக வந்ததாகச் சொன்னது. 2009இல் டெக்சாஸிலிருந்து வந்த கணக்கு இன்னும் கவர்ச்சியானது. அறுவைக்கு முன் கீமோ பெற்றவர்களில் கட்டி முழுதும் மறைந்தது மெட்ஃபார்மின் எடுத்த சர்க்கரை நோயாளிகளில் 24 சதவீதம் பேருக்கு, எடுக்காத சர்க்கரை நோயாளிகளில் 8 சதவீதம் பேருக்கு.

24க்கும் 8க்கும் இடையில் நான் என் நம்பிக்கையைக் கட்டி வைத்திருந்தேன். அந்த 24 சதவீதம் வெறும் 68 பெண்களில் எடுத்த கணக்கு என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

இனி மெக்லெலண்டின் புத்தகம். அவர் பிசியோதெரபிஸ்ட். கருப்பைவாய்ப் புற்றுநோய் வந்து, பின்னர் அது நுரையீரலுக்கும் பரவியவர். வழக்கமான சிகிச்சைகளை எடுத்துக்கொண்டதோடு, வேறு நோய்களுக்கான பழைய, மலிவான மருந்துகளையும் உணவுக் கட்டுப்பாட்டையும் தானே தேடிச் சேர்த்துக்கொண்டார். புற்றுநோய் செல்லுக்கு உணவு போகும் வழிகளை ஒரு மெட்ரோ ரயில் வரைபடம்போல வரைந்து, எந்தத் தடத்தை எந்த மருந்தால் அடைக்கலாம் என்று காட்டுகிறார். அடைப்பான்களில் ஒன்று மெட்ஃபார்மின்.

இந்தப் புத்தகத்தை எள்ளிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படிச் செய்ய மாட்டேன். கோப்பிலிருந்து தலை நிமிராத மருத்துவரின் முன் உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் அது ஏன் ஆறுதல் தருகிறது என்று தெரியும். நோயாளியை அது யோசிக்கத் தெரிந்தவளாக நடத்துகிறது. காப்புரிமை முடிந்த மருந்தைச் சோதிப்பதில் எந்த நிறுவனத்துக்கும் லாபமில்லை என்ற அதன் குற்றச்சாட்டும் நியாயமானதே. இவ்வளவும் பெண்ணியம் நெடுங்காலமாகச் சொல்லிவருபவை.

என் விமர்சனம் வேறு இடத்தில் தொடங்குகிறது. அந்த வரைபடம் யாருடைய பயணத்திலிருந்து வரையப்பட்டது? பிழைத்த ஒருவரின் பயணத்திலிருந்து. அதே மருந்துகளை எடுத்து, அதே தடங்களை அடைத்து, இறந்துபோனவர்கள் புத்தகம் எழுதுவதில்லை. ஒருவர் பிழைத்தது உண்மை. எதனால் பிழைத்தார் என்பது அந்த உண்மைக்குள் இல்லை.

வியப்பு என்னவென்றால், நான் நம்பிய பழைய ஆய்வுகள் சிலவற்றிலும் இதே குறை வேறு உருவில் இருந்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர் என்று ஒருவர் பட்டியலில் சேர வேண்டுமானால், அந்த மருந்தை வாங்கும் நாள் வரைக்குமாவது அவர் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அதற்கு முன்பே இறந்தவர் தானாகவே 'எடுக்காதவர்' பட்டியலுக்குப் போய்விடுவார். மருந்து ஒன்றும் செய்யாவிட்டாலும் எடுத்தவர்கள் நீண்டநாள் வாழ்ந்ததுபோலத் தெரியும். 2012இல் சாமி சுய்சா, லோரன் அசுலே என்ற இரு ஆய்வாளர்கள் மெட்ஃபார்மின் ஆய்வுகளில் இந்தப் பிழை எப்படிப் புகுந்தது என்று எடுத்துக்காட்டினார்கள். சுயசரிதையும் புள்ளிவிவரமும் எதிரெதிர் வகைகள் என்று நினைத்திருந்தேன். பிழைத்தவரை மட்டும் எண்ணும் பழக்கத்தில் அவை சில வேளை உடன்பிறப்புகள்.

இரண்டாவது பிரதிக்கு வருகிறேன். குட்வின் தன் 2002ஆம் ஆண்டு முடிவோடு நிற்கவில்லை. தன் கருத்தையே சோதனைக்கு வைத்தார். எம்ஏ.32 என்ற பெயரில் நடந்த அந்தப் பரிசோதனையில் கனடா, அமெரிக்கா, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்து சர்க்கரை நோய் இல்லாத 3649 மார்பகப் புற்றுநோயாளிகள் 2010 முதல் 2013 வரை சேர்ந்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம், தினம் இருவேளை, 5 ஆண்டுகள். மறுபாதிக்கு அதேபோல் தோன்றும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, அவர்களுடைய மருத்துவர்களுக்கும் தெரியாது.

ஹார்மோன் ஏற்பி உள்ள வகையினர் 2533 பேர். என் வகை. நோய் திரும்புதல், புதிய புற்றுநோய், மரணம் என எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், 100 பெண்களுக்கு ஓராண்டில் மெட்ஃபார்மின் பக்கம் 2.78, வெற்று மாத்திரைப் பக்கம் 2.74. ஹார்மோன் ஏற்பி இல்லாதவர்களிலோ பலன் தெரியப்போவதில்லை என்று முன்னதாகவே கணித்து, அவர்களுக்கு மருந்தை நிறுத்திவிட்டார்கள்.

2.78, 2.74. அந்த இரண்டு எண்களையும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதவிடாய் நாட்காட்டியில் தவறிப்போன தேதியைப் பார்ப்பதுபோல.

இதில் என்னை அதிகம் உலுக்கியது வேறொரு தகவல். முதல் 6 மாதங்களில் மெட்ஃபார்மின் எடுத்த பெண்களுக்கு எடை குறைந்தது, சர்க்கரை குறைந்தது, இன்சுலினும் குறைந்தது. மருந்து தன் வேலையைச் செய்தது. 'பட்டினி' நடந்தது. ஆனால் புற்றுநோய் அதைப் பொருட்படுத்தவில்லை. இனிப்பு ஊட்டுகிறது, இனிப்பை நிறுத்தினால் பட்டினி என்ற நேர்கோட்டுக் கதை அந்த இடத்தில் அறுந்துபோகிறது. உடலோ நோயோ நம் உவமைகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட சூசன் சொண்டாக் 1978இல் நோயை உவமையாக்குவதற்கு எதிராக ஒரு புத்தகமே எழுதியது இதனால்தான்.

'பட்டினி' என்ற உவமை தமிழில் இன்னும் ஆழமாக இறங்குகிறது. நம் வீடுகளில் பட்டினி கிடப்பது யாருக்குப் பழக்கம்? விரதம், நோன்பு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவது என்று பசியைப் புண்ணியமாகக் கற்றுக்கொண்டவள் பெண். அவளிடம் போய், நீ சாப்பிடாமல் இருந்தால் நோய் சாகும் என்றால் உடனே நம்புவாள். கணவனுக்காக இருந்த விரதம்போல இதுவும் ஒன்று, இம்முறை தனக்காக. அதனால் இதை விடுதலை என்றும் நினைத்துக்கொள்வாள். நான் நினைத்தேன். நோய் திரும்பினால் அந்த ஒரு துண்டு அதிரசம்தான் காரணம் என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கும் தயாராக இருந்தேன். மருத்துவமனைக்கு வரும் உறவினர்களின் முதல் கேள்வி "என்ன சாப்பிட்டே?" என்பதுதான். அந்தக் கேள்வியையே புத்தகம் கொஞ்சம் படித்த மொழியில் கேட்கிறது.

மருத்துவரின் "கெடுதல் ஒண்ணும் இல்லை" என்ற வாக்கியமும் விமர்சனத்துக்கு உரியது. பரிசோதனையில் கடுமையான பக்கவிளைவுகள் மெட்ஃபார்மின் பக்கம் 21.5 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 17.5 சதவீதம். பேருந்தில் ஏறுவதற்கு முன் கழிப்பறை எங்கே என்று நான் தேடிய பதினான்கு மாதங்கள் 'ஒண்ணும் இல்லை' ஆகாது. பொதுக் கழிப்பறை இல்லாத ஊரில் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு என்பது வீட்டுச் சிறை. நீண்டநாள் எடுத்தால் பி12 குறையும். கீமோ ஏற்கெனவே மரத்துப்போக வைத்த விரல்களில் அது இன்னொரு மரப்பு. கடும் வாந்தியில் உடல் வற்றினாலோ சிறுநீரகம் தளர்ந்தாலோ இந்த மாத்திரை ஆபத்தாகவும் மாறலாம். மறுத்திருந்தால் மருத்துவர் எனக்குப் பத்து நிமிடம் விளக்கியிருக்க வேண்டும். சம்மதித்ததால் ஒரு நொடியில் முடிந்தது. எங்களுக்கு வேண்டியது அனுமதி இல்லை, அந்தப் பத்து நிமிடம்தான்.

இங்கே சில தோழிகள் கேட்பார்கள்: பெண் தன் அனுபவத்தை நம்பக் கூடாதா? மருத்துவத்தின் எண்களைத்தான் நம்ப வேண்டுமா? வரலாறு இந்த இருமையை ஏற்கவில்லை. மார்பு முழுவதையும் அடித் தசையோடு வெட்டியெடுக்கும் ஹால்ஸ்டெட் அறுவை பல பத்தாண்டுகள் கேள்வியின்றி நடந்தது. ரோஸ் குஷ்னர் போன்ற பெண்கள் 1970களில் அதை எதிர்த்துக் கேட்டார்கள். அதே காலத்தில் பெர்னார்ட் ஃபிஷரின் பரிசோதனைகளில் சேர்ந்த பெண்கள் குலுக்கலுக்குத் தங்கள் உடலைக் கொடுத்து, அவ்வளவு வெட்டத் தேவையில்லை என்று நிரூபித்தார்கள். குரலும் எண்ணும் சேர்ந்தே வென்றன. 1990களில் அமெரிக்காவில் எதிர்மாறாக நடந்தது. அதிதீவிரக் கீமோவும் எலும்பு மஜ்ஜை மாற்றும் எங்கள் உரிமை என்று பெண்கள் காப்பீட்டு நிறுவனங்களோடு வழக்காடி வென்றார்கள். 1999இல் வந்த பரிசோதனை முடிவுகள் அதனால் கூடுதல் பலனில்லை என்றன. சிகிச்சையைப் பெறும் உரிமை, அது பலன் தருமா என்று அறியும் உரிமை இல்லாமல் அரைகுறையானது.

அந்த 3649 பெண்களை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். அவர்களில் ஒருவருடைய பெயரும் அறிக்கையில் இல்லை. எந்த மாத்திரை என்று தெரியாமலே 5 ஆண்டுகள் விழுங்கி, எனக்கு ஒரு பதிலைக் கொடுத்திருக்கிறார்கள். ஆட்ரி லார்ட் 1980இல் தன் புற்றுநோய்க் குறிப்புகளை வெளியிட்டபோது மௌனத்தை உடைத்தார். இந்தப் பெண்கள் செய்ததும் அதற்குக் குறைந்ததில்லை. லாபமில்லாத மருந்தை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்ற மெக்லெலண்டின் நியாயமான கோபத்துக்கு, பொதுப்பணமும் நன்கொடையும் சேர்ந்து நடத்திய இந்தப் பரிசோதனைதான் சரியான பதில். பதில் நாம் விரும்பியதாக இல்லை, அவ்வளவே. ஹெர்2 வகையினரில் மட்டும் ஒரு நல்ல அறிகுறி தெரிந்தது. அதுவும் துணை ஆய்வில். இன்னொரு பரிசோதனை கேட்பதற்கு அது காரணமாகலாம், மாத்திரை போடுவதற்கு அல்ல.

அடுத்த பரிசோதனை நாளில் அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு போனேன். மருத்துவர் இம்முறை முழுதாகப் படித்தார். நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று மருந்து வாங்கும் வரிசையில் நின்ற ஓர் இளம்பெண்ணிடம் ஆர்வத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அவள் அழைத்தாள். "அக்கா, நீங்க சொன்னதுக்கு அப்புறம் நானும் மெட்ஃபார்மினை நிறுத்திட்டேன்." அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நான் அதைக் கேட்கவே இல்லை. என் கதையை மட்டும் சொல்லியிருந்தேன். மெக்லெலண்டிடம் நான் கண்ட குறையை நானே இன்னொரு பெண்ணின் உடலில் செய்திருந்தேன்.

மறுநாள் காலை அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரை 310. அவளுக்கு அது மீண்டும் எழுதப்பட்டது. எனக்கு வேண்டாத அதே மாத்திரை அவளுக்கு வேண்டும், அம்மாவுக்கு வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மாவின் டப்பாவை நிரப்பினேன். பிறகு இருவரும் சோறு போட்டுக்கொண்டோம்.