எல்லிஸ் ஆர். டங்கனும் ‘மந்திரி குமாரி’யும்: ஆக்கவுரிமை குறித்து

கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் நடித்த ‘நந்தனார்’ (1935) படத்தை இயக்கியவர் மாணிக்லால் டாண்டன். அவருடன் அமெரிக்காவில் திரைக்கலை பயின்று, அவரது அழைப்பின்பேரில் இந்தியா வந்தவர் எல்லிஸ் ஆர். டங்கன். ‘சதி லீலாவதி’ (1936) தொடங்கி 1950 வரை தமிழ்ப் படங்களை இயக்கிய அவர் தமிழ் அறியாதவர். அவ்வறியாமை தடையாகவில்லை என்போர் ‘மீரா’வையே (1945) சான்று காட்டுவர். அது பொருந்தும், அங்குப் பேசுவன எம்.எஸ். சுப்புலட்சுமியின் முகமும் இசையுமே.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’ (1950) அத்தகையதன்று. மு. கருணாநிதியின் உரையாடலே அப்படத்தை நடத்திச் செல்கிறது. குண்டலகேசி கதையை அடியொற்றிய மலையுச்சிக் காட்சியில், தன்னைக் கொல்லத் துணிந்த கணவனை வலம்வரும் மனைவி, அவனைப் பின்னிருந்து தள்ளிவிடுகிறாள். வலம்வருதல் வழிபாடு என்பதைத் தமிழ்ப் பார்வையாளர் அறிவர். காட்சியின் அச்சம் அவ்வறிவிலேயே பிறக்கிறது. ஒளிப்பதிவுக் கோணத்துக்கு அதில் இரண்டாம் இடமே. மேலும், படம் நிறைவுறுமுன் டங்கன் தாயகம் திரும்ப, எஞ்சிய பகுதியை டி.ஆர். சுந்தரம் முடித்தார்; இயக்குநராக இருவர் பெயரும் வழங்குகிறது. இருவருள் எவர் எடுத்தார் என்று வினவாமலே அக்காட்சியை டங்கனின் கைவண்ணமாக எழுதுவது ஆய்வு நெறிக்குப் பொருந்தாது.